துக்கத்துக்கும் ஒரு தீர்மானம்

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றம் நிற்கும் குன்றைச் சுற்றி அகலமான புல்வெளி இருக்கிறது. நினைத்த நேரத்தில் அங்கே மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நாற்காலி வரிசையை விரித்துவிட முடியாது. விற்பனை, விளம்பரம், வசூல் எல்லாவற்றையும் அந்த வளாகத்தில் 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்துவைத்திருக்கிறது. கோஷம் போடுகிற கூட்டத்துக்கு அங்குள்ள காவல்துறையின் அனுமதிச் சீட்டு போதும். ஓர் அமைப்பு தன் பெயரில் பெரிய நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால், நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் அதற்கென்று தீர்மானம் போட வேண்டும். சிறுவர்கள் மரப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டி, இயந்திரம் இல்லாமல் சரிவில் உருண்டு வரும் பந்தயம் ஒன்று அங்கே நடக்கிறது. அதற்கும் தீர்மானம்தான். பணியில் உயிர்விட்ட காவலர்களுக்கு மே மாதம் நடக்கும் அஞ்சலிக்கும் அதே மாதிரித் தீர்மானம்தான்.

இந்தத் தீர்மானங்களின் வாசகத்தைப் படித்தால் கல்யாண மண்டபத்து ரசீதின் பின்பக்கம் ஞாபகத்துக்கு வரும். நிகழ்ச்சிக்குக் கட்டணம் கூடாது, பொதுமக்கள் யாரும் வரலாம். நாடாளுமன்ற வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. செலவு முழுவதும் நடத்துகிறவர் தலையில், ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பும் அவர் தலையில். மேடையும் ஒலிபெருக்கியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டடப் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும். விற்பனைத் தடை அமலில் இருக்கிறதா என்று காவல்துறை பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். வீரம், தியாகம் போன்ற சொற்களுக்கு அந்தத் தாளில் பெரிய இடமில்லை.

பிரதிநிதிகள் சபையில் இத்தகைய தீர்மானங்கள் வழக்கமான விதிகளை ஒதுக்கிவைத்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விவாதத்துக்கு அதிகபட்சம் 40 நிமிடம், நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். செனட்டில் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள், இருக்காது. செத்தவருக்கு மரியாதை செய்யாதே என்று எழுந்து நின்று சொல்லும் அரசியல்வாதி எந்த ஊரிலும் கிடையாது.

யாரும் எதிர்க்காத ஒன்றுக்கு ஏன் இத்தனை ஏற்பாடு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை காவலர்களின் கதையையும் தீயணைப்பு வீரர்களின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிடைக்கிறது.

காவலர்களுக்கு மே 15ஐ நினைவு நாளாக 1962இல் சட்டமாக்கினார்கள். அப்போது கென்னடி அதிபர். 1982இல் நாடாளுமன்றத்தை ஒட்டிய பூங்காவில் முதல் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. பிறகு அது வளர்ந்து நாடாளுமன்றப் புல்வெளிக்கு வந்தது. நாள் நிரந்தரமானது, இடம் நிரந்தரமானதல்ல. நடத்தும் காவலர் சங்கத்துக்காக ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தீர்மானம் வர வேண்டும். அந்த வகைத் தீர்மானம் அதிபரின் மேசைக்குப் போவதே இல்லை. இரண்டு அவைகளும் ஒப்புக்கொண்டால் அன்றைய நிகழ்ச்சிக்கு அனுமதி. நிகழ்ச்சி முடிந்தால் தீர்மானத்தின் வேலையும் முடிந்தது.

தீயணைப்பு வீரர்கள் வேறு வழியில் போனார்கள்.

மேரிலாந்து மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டி, எம்மிட்ஸ்பர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. எலிசபெத் ஆன் சீட்டன் என்ற கத்தோலிக்கத் துறவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளி நடத்திய ஊர். அந்த மரபில் வந்த பெண்கள் கல்லூரி 1973இல் மூடப்பட்டது. அதே ஆண்டில்தான், அமெரிக்காவில் தீயால் ஏற்படும் சாவும் சேதமும் எவ்வளவு என்று ஆராய்ந்த ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1974இல், மத்திய தீயணைப்பு நிர்வாகத்தையும் ஒரு பயிற்சிக் கழகத்தையும் உருவாக்கும் சட்டம் வந்தது. கழகத்துக்கு இடம் தேடிய அரசு, ஆளில்லாமல் கிடந்த கல்லூரி வளாகத்தை 1979இல் வாங்கியது. கன்னியாஸ்திரிகள் நடமாடிய முற்றத்தில் தண்ணீர்க் குழாயோடு ஆட்கள் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார்கள்.

1981இல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. ஏழடி உயரக் கற்குவியல், உச்சியில் வெண்கலத்தில் மால்டா சிலுவை, அடியில் அணையாச் சுடர். அமெரிக்கத் தீயணைப்புத் துறையில் மால்டா சிலுவை சட்டைப் பட்டையிலிருந்து வண்டிக் கதவு வரை எங்கும் இருக்கும் சின்னம். 1981 முதல் பணியில் இறந்தவர்களின் பெயர்கள் சுற்றிலும் வெண்கலப் பலகைகளில் ஆண்டு வாரியாக ஏறிக்கொண்டிருக்கின்றன. தலைநகரத்தின் பளிங்கு மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிமையான வேலைதான். ஆனால் வருகிறவர்களும் பெரும்பாலும் எளிய ஊர்க்காரர்கள். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பகலில் பண்ணையில் வேலை, கடையில் வேலை. அழைப்பு வந்தால் போட்டதைப் போட்டபடி வண்டிக்கு ஓடுவார்கள்.

அந்தச் சின்னத்துக்கு நாடாளுமன்றத்தின் கை இரண்டு கட்டமாக நீண்டது. 1990இல் ஒரு சட்டம் அதைச் சம்பளக்காரர், தொண்டர் இருவருக்குமான தேசிய நினைவுச்சின்னமாக அங்கீகரித்தது. 1992இல் இன்னொரு சட்டம், ஆண்டுதோறும் அஞ்சலி நடத்தவும் குடும்பங்களைக் கவனிக்கவும் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியது. மேரிலாந்து செனட்டர் பால் சார்பேன்ஸ் இதற்காக உழைத்தவர். பிரதிநிதிகள் சபையில், தானே ஒரு காலத்தில் தொண்டர் படையில் இருந்த கர்ட் வெல்டன் 1987இலேயே தீயணைப்புத் துறைக்கென உறுப்பினர் குழு ஒன்றைத் திரட்டியிருந்தார். அனுமதி கேட்டு ஆண்டுதோறும் நிற்க வேண்டியதில்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது.

மூன்றாவது கட்டம் கொடி.

2001இல் பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் பதிவானது. எம்மிட்ஸ்பர்க் அஞ்சலி நாளில் மத்திய அரசு அலுவலகங்கள் அனைத்திலும் தேசியக்கொடி அரைக்கம்பத்தில் பறக்க வேண்டும், ஆண்டுதோறும். அதன் எண் 42. செப்டம்பர் 11 தாக்குதலைக் கண்டித்த தீர்மானத்தின் எண் 61. வரிசையைப் பார்த்தாலே தெரியும், இரட்டைக் கோபுரம் விழுவதற்கு முன்பே இந்தத் தாள் அவையில் இருந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்த சட்டம் என்று இதைச் சொல்வது எளிது, ஆனால் சரியல்ல. ஏற்கெனவே வரிசையில் காத்திருந்த ஒரு சின்னக் கோரிக்கைக்கு, ஒரே காலையில் 343 பேரைப் பறிகொடுத்த நியூயார்க் தீயணைப்புத் துறை கதவைத் திறந்துவிட்டது. அக்டோபர் 16 அன்று அது சட்டமானது. இந்த வகைத் தீர்மானம் அதிபர் கையெழுத்தோடு வருவது. ஆகவே ஒரு நிகழ்ச்சியோடு முடிந்துபோகாது.

அந்த ஆண்டின் அஞ்சலி, சட்டம் கையெழுத்தாவதற்கு ஒன்பது நாள் முன்னால், அக்டோபர் 7 ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டது. ஜார்ஜ் புஷ் அன்று காலை எம்மிட்ஸ்பர்க் வந்து குடும்பங்களின் முன் பேசினார். பிற்பகல் ஒரு மணிக்கு வெள்ளை மாளிகையிலிருந்து தொலைக்காட்சியில் தோன்றி, ஆப்கானிஸ்தான் மீது குண்டுவீச்சு தொடங்கிவிட்டது என்று அறிவித்தார். காலையில் கற்குவியலின் முன் உட்கார்ந்திருந்த விதவைகளில் எத்தனை பேருக்கு, மேடையில் நின்றவரின் மனத்தில் வேறென்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்கும்? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அன்று வாசிக்கப்பட்டவை செப்டம்பர் 11இல் இறந்தவர்களின் பெயர்கள் அல்ல. முந்தைய ஆண்டில் இறந்தவர்களை அடுத்த அக்டோபரில் நினைப்பது அங்கே அப்போதைய முறை. அமெரிக்காவின் ஏதேதோ மூலைகளில் 2000ஆம் ஆண்டில் செத்த, செய்தித்தாளின் உள்பக்கத்தைத் தாண்டாத மனிதர்களுக்கான நாள் அது. நியூயார்க்கின் 343 பேருக்குரிய ஆண்டு 2002இல் வந்தபோது அந்தச் சிற்றூர் கொள்ளவில்லை. நிகழ்ச்சியை வாஷிங்டனின் கூடைப்பந்து அரங்கத்துக்கு மாற்றினார்கள்.

சடங்கு எப்படி நடக்கிறது? பெயரைப் படிக்கிறார்கள். குடும்பத்தின் கையில் மடித்த தேசியக்கொடி ஒன்றும் ரோஜாப்பூ ஒன்றும் வருகின்றன. மணி அடிக்கிறது. அந்த மணிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தொலைபேசியும் வானொலியும் வருவதற்கு முன், நியூயார்க்கில் தந்திக் கம்பி வழியாகத்தான் நிலையத்துக்கு நிலையம் செய்தி போகும். ஐந்து தட்டு, இடைவெளி, மறுபடி ஐந்து, இப்படி நான்கு முறை தட்டினால் ஒரு தீயணைப்பு வீரர் இறந்துவிட்டார், கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குங்கள் என்று பொருள். ஆக, கொடியை இறக்கச் சொல்லும் உத்தரவைத் துறை தானாகவே தனக்குள் கொடுத்துக்கொண்டு வந்தது. 2001இல் நாடாளுமன்றம் செய்தது, அந்த உத்தரவைத் தபால் அலுவலகத்துக்கும் வருமான வரி அலுவலகத்துக்கும் சேர்த்துக் கொடுத்ததுதான்.

இந்தியாவில் தீயணைப்பு நாள் ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில் 1944இல் அன்று, விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பலில் பஞ்சு தீப்பிடித்தது. அதே கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. பிற்பகல் நாலு மணிக்குப் பிறகு அது வெடித்தபோது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் செத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் நாடெங்கும் அஞ்சலியும் செயல்விளக்கமும் நடக்கின்றன. இது நிர்வாக வழக்கமாக வந்தது, வழக்கமாகவே தொடர்கிறது. தமிழ்நாட்டில் அந்த நாள் பெரும்பாலும் சித்திரை முதல் நாளோடு சேர்ந்துவிடுவதால், நிலையத்து வாசலில் மலர்வளையம் வைக்கும்போது ஊர் மாங்காய்ப் பச்சடியில் இருக்கும்.

அமெரிக்கக் கதைக்குத் திரும்பலாம். கொடியை இறக்கக் காசு செலவாகாது. ஒரு நாடாளுமன்றம் இறந்தவரை உண்மையிலேயே எந்த அளவுக்கு மதிக்கிறது என்பது வேறொரு சட்டத்தில் தெரியும்.

1976இல் பொதுப் பாதுகாப்பு ஊழியர் உதவிச் சட்டம் வந்தது. பணியில் இறந்த காவலர், தீயணைப்பு வீரர் குடும்பத்துக்கு 50,000 டாலர். சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரி என்று எழுதியது அந்தச் சட்டத்தின் பெருந்தன்மை. தொண்டர் படையில் செத்தவரும் அரசு கணக்கில் அரசுக்காகச் செத்தவர்தான். 1988இல் தொகை 1,00,000 ஆனது. கொடிச் சட்டம் வந்து பத்தே நாளில், 2001 அக்டோபர் 26 அன்று, 2,50,000 ஆனது. உயர்வை எங்கே சேர்த்தார்கள் என்று பார்த்தால், வேவு பார்க்கும் அதிகாரங்களுக்காக இன்றுவரை சர்ச்சையில் இருக்கும் தேசபக்திச் சட்டத்துக்குள். நல்லதும் கெட்டதும் ஒரே கட்டில் வருவது நாடாளுமன்றங்களின் பழக்கம்.

பணம் என்று வந்ததும் கேள்விகள் கூர்மையாகிவிடுகின்றன. யாருக்குக் கொடுப்பது? நியூயார்க் தீயணைப்புத் துறையின் பாதிரியார் மைக்கல் ஜட்ஜ், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. தெற்குக் கோபுரம் சரிந்தபோது வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளக் கூடத்தில் சிதறல்கள் பட்டு இறந்தார். அன்றைய சாவுப் பதிவில் முதல் எண் அவருடையது. பாதிரியார் தீயணைப்பு வீரர் ஆவாரா? துறவிக்கு மனைவியும் பிள்ளையும் இல்லை, சட்டம் சொன்ன வாரிசும் இல்லை. 2002 ஜூனில் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. துறையின் பாதிரியார்களும் கணக்கில் வருவார்கள், நெருங்கிய வாரிசு இல்லாத வீரர் ஆயுள் காப்பீட்டில் யார் பெயரை எழுதியிருந்தாரோ அவருக்குத் தொகை போகும். இந்த இரண்டாவது வரியின் வழியாக, திருமண உரிமை இல்லாத அந்தக் காலத்தில், ஒரே பாலின இணையர்களும் மத்திய அரசின் உதவியைப் பெற முடிந்தது. பெரிய விவாதம் நடத்தியிருந்தால் நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகம். ஒரு பாதிரியாரின் பெயரில் வந்ததால் அமைதியாகக் கடந்துபோனது.

அதைவிடப் பரவலான சிக்கல் மாரடைப்பு. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பணியில் சாவதற்குத் தீயைவிட நெஞ்சுதான் பெரிய காரணம். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ பாதிப் பேர் அப்படிப் போகிறார்கள். கனமான அங்கியும் முதுகில் காற்று உருளையுமாய், உறக்கத்திலிருந்து எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் மாடிப்படி ஏறும் உடல் அது. வயது ஐம்பதைத் தாண்டிய தொண்டர்களும் ஏறுகிறார்கள். ஆனால் கூரை விழுந்து இறந்தால் கிடைக்கும் தொகை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் பெரும்பாலும் கிடைக்கவில்லை. காயம் எங்கே என்று கேட்டார்கள். இதற்காக வந்ததுதான் 2003 டிசம்பரில் கையெழுத்தான சொந்த ஊர் நாயகர் சட்டம். வழக்கத்துக்கு மீறிய கடுமையான உழைப்பில் இருக்கும்போதோ, அது முடிந்து 24 மணி நேரத்துக்குள்ளோ மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தால், மருத்துவச் சான்று மறுக்காதவரை அது பணியில் நேர்ந்த சாவு. மேசை வேலைக்கு இது பொருந்தாது.

சட்டம் 2003இல் வந்துவிட்டது, அதை அமலாக்கும் விதிகளை நீதித்துறை அமைச்சகம் வெளியிட 2006 ஆனது. நடுவில் விண்ணப்பங்கள் கிடந்தன. அதே நாடாளுமன்றத்தில் கொடித் தீர்மானத்துக்கு ஒருவர் குரலும் எதிராக எழவில்லை என்பதை இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டம் பணத்தோடு நிற்கவில்லை, எண்ணிக்கையையும் மாற்றிவிட்டது. மத்திய தீயணைப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடும் சாவுக் கணக்கில், 2003 டிசம்பர் 15க்குப் பிறகு, அந்த 24 மணி நேரத்துச் சாவுகளும் சேர்ந்தன. வீட்டுக்குப் போய், சோபாவில் சாய்ந்து, மறுநாள் காலை எழாதவரும் பணியில் இறந்தவர்தான் என்று ஆனது. அஞ்சலி நாளில் வாசிக்க வேண்டிய பெயர்கள் எவை என்பதை மேடையில் நிற்பவர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. எப்போதோ ஒரு சட்டத்தின் உட்பிரிவில் எழுதிய மணிக்கணக்கும் தீர்மானிக்கிறது.

24 மணி நேரத்துக்குள் அடங்காத சாவு ஒன்று இருக்கிறது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக வகைப்படுத்தியது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கிற அதே முதல் வகை. பிளாஸ்டிக்கும் பசையும் எரியும் புகை தோலில் இறங்கி, பத்து ஆண்டோ இருபது ஆண்டோ கழித்துக் கணக்குக் கேட்கும். எந்தத் தீயில் வந்தது என்று எந்த மருத்துவரும் விரல்நீட்டிச் சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட சம்பவத்தோடு நேரடித் தொடர்பைக் கேட்ட விதிகள் இந்த இடத்தில் தடுமாறின.

நியூயார்க் தீயணைப்புத் துறை இதற்காகக் காத்திருக்கவில்லை. புரூக்ளினில் உள்ள தன் தலைமையகத்தில், கோபுர இடிபாட்டில் மாதக்கணக்கில் தோண்டி, அந்தத் தூசியால் நோயுற்றுப் பின்னர் இறந்தவர்களுக்கென்று தனிச் சுவர் வைத்திருக்கிறது. செப்டம்பர் தோறும் பெயர்கள் ஏறுகின்றன. 2023 செப்டம்பரில் ஒரே நாளில் 43 பெயர்கள் ஏறின. அந்த மாதத்திலேயே நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை 343ஐத் தொட்டது.